அம்பு எங்க போச்சுன்னு அப்புறம் பாக்கலாம், மொதல்ல தோள்பட்டைய பாருங்க

ஆர்ச்சரி கத்துக்க வர்ற முக்காவாசி பேர் வந்ததும் கேக்குறது "எப்டி குறி வைக்கிறது"ன்னுதான். அவங்கள குத்தம் சொல்ல முடியாது, சினிமால பாத்ததெல்லாம் அதானே, ஒரு கண்ண மூடிக்கிட்டு அம்பு நுனிய உத்துப் பாத்து விட்டா சொல்லி வச்ச மாதிரி போய் குத்தும். ஆனா ஒலிம்பிக்ஸ்ல பயன்படுத்துற ரிகர்வ் வில்லுல சைட்னு ஒண்ணு இருக்கு, அந்தக் குட்டி வளையத்துக்குள்ள டார்கெட்டோட நடு மஞ்சள் தெரியுதான்னு பாக்குறத ஒரே நாள்ல கத்துக்கலாம். அதுக்கப்புறம் வருஷக்கணக்கா மண்டைய ஒடைச்சுக்கறது எல்லாமே உடம்ப எப்டி வைக்கிறதுன்னுதான். நான் விடுறது ரிகர்வ், அதனால இங்க சொல்றது எல்லாம் ரிகர்வ் கணக்கு. காம்பவுண்ட் (கப்பி வச்ச வில்லு) ஆளுங்களுக்கு பாதி பொருந்தும், மீதிய உங்க கோச் கிட்ட கேட்டுக்குங்க. அதே மாதிரி எல்லாமே வலது கைக்காரங்களுக்கு, அதாவது இடது கைல வில்லு, வலது கைல ஸ்ட்ரிங். இடது கைக்காரங்க மாத்திப் படிச்சுக்குங்க, உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே.

உடம்பு வைக்கிறதுல ஏன் இவ்ளோ பிடிவாதம்னா ஒரு சின்ன கணக்கு பாருங்க. ஒலிம்பிக் தூரம் 70 மீட்டர். டார்கெட் ஃபேஸ் 122 செ.மீ. அகலம், அதுல 10 பாயிண்ட் வட்டத்தோட விட்டம் 12.2 செ.மீ., அதாவது நடுவுலேருந்து 6.1 செ.மீ. தள்ளிப் போனாலே 9தான். இப்போ 28 இன்ச் இழுக்குற ஒருத்தர எடுத்துக்குங்க, அது சுமார் 71 செ.மீ. அம்போட முன் பக்கம் அசையாம இருக்குறப்போ பின் பக்கம், அதாவது தாடைக்கு கீழ இருக்குற பக்கம், வெறும் 1 மி.மீ. ஏறிடுச்சுன்னு வைங்க. அந்த 71 செ.மீ.ல வந்த 1 மி.மீ. வித்தியாசம் 70 மீட்டர் போய்ச் சேரும்போது கிட்டத்தட்ட 100 மடங்கு ஆகி 10 செ.மீ. ஆயிடும். நடு மையத்துல குத்த வேண்டிய அம்பு 9க்கு போயாச்சு. 3 மி.மீ. ஏறுனா நீலத்துல போய் நிக்கும். பல்ல இறுக்கிக் கடிச்சாலோ வாய கொஞ்சம் தொறந்தாலோ 3 மி.மீ. வந்துடும், யோசிச்சுப் பாருங்க. 2024 பாரிஸ்ல ஆண்கள் தனிநபர் ஃபைனல் சமமாகி ஆளுக்கு ஒரு அம்பு விடுற ஷூட் ஆஃப் வரைக்கும் போச்சு, கொரியாவோட கிம் ஊ ஜின், அமெரிக்காவோட பிராடி எலிசன் ரெண்டு பேருமே 10 விட்டாங்க, கடைசில மையத்துக்கு யார் கிட்டன்னு அளந்து தங்கம் குடுத்தாங்க. வித்தியாசம் 4.9 மி.மீ. அந்த லெவல்ல ரெண்டு பேருக்கும் குறி வைக்கத் தெரியாமலா இருக்கும். ஒவ்வொரு தடவையும் உடம்பு அச்சு பிசகாம அதே எடத்துக்கு வருதாங்கறதுதான் போட்டியே.

அதே எடத்துக்கு வரணும்னா வெயிட்ட எலும்பு தாங்கணும், சதை தாங்குனா வராது. சதை ஓய்ஞ்சு போகும், நடுங்கும், அன்னிக்கு தூக்கம் பத்தலன்னா வேற மாதிரி இழுக்கும். எலும்பு மேல எலும்பு வரிசையா நின்னா அது மாறவே மாறாது. இந்த வரிசை கெட்டுப்போற எடத்துல மொத எடம் வில்லு பிடிக்கிற கை தோள்பட்டை. இழுக்குற கைய பத்தி எல்லாரும் பேசுவாங்க, இந்தத் தோள்பட்டைய யாரும் கண்டுக்கவே மாட்டாங்க, ஆனா பாதி வினை இங்கதான் ஆரம்பிக்குது.

என்ன ஆகும்னா, வில்ல தூக்குறப்போ கையோட சேந்து தோளும் காத பாத்து ஏறும். அது இயல்பு, எத தூக்குனாலும் நாம அப்டித்தான் தூக்குறோம். ஏறுன தோளோட இழுக்க ஆரம்பிச்சா, இழுக்க இழுக்க லோடு அந்தத் தோள் மேல உக்காரும், அது இன்னும் மேல ஏறி கழுத்துகிட்ட ஒட்டிக்கும். முழுசா இழுத்ததுக்கப்புறம் "அய்யய்யோ தோள் ஏறிடுச்சு"ன்னு எறக்கப் பாத்தா நடக்கவே நடக்காது, 30 பவுண்ட் லோடு ஏறி நிக்கிறப்போ எந்தச் சதையாலயும் அத எறக்க முடியாது. அதனால எறக்குறதா இருந்தா இழுக்குறதுக்கு முன்னாடியே எறக்கணும். வில்லு இன்னும் லேசா இருக்குற அந்த ஒரு நொடில தோள்பட்டை எலும்பு கீழயும் முன்னாடியும் போய் உக்காந்துடுச்சுன்னா அப்புறம் வர்ற லோடே அத அங்க புடிச்சு வச்சுக்கும். முழுசா இழுத்த நெலமைல தெரியுற குறைல பெரும்பாலானது இழுக்க ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே முடிவாகிப்போன விஷயம். மொத்த போஸ்ட்ல ஒரே ஒரு வரிய ஞாபகம் வச்சுக்கணும்னா இந்த வரிய வச்சுக்குங்க.

புதுசா வர்றவங்களுக்கு இத எப்டி சொல்லிப் புரிய வைக்கிறதுன்னா, வீட்ல இரும்பு பீரோவ நகத்துற மாதிரின்னு சொல்லுவேன். பீரோவ ஒத்தக் கையால தள்ளுறப்போ யாராவது தோள காது வரைக்கும் தூக்கிட்டு தள்ளுவாங்களா? தானா தோள் எறங்கி, கை நீண்டு, உள்ளங்கைலேருந்து முதுகு வரைக்கும் ஒரே கம்பா ஆயிடும். அதேதான் இங்கயும். செவுத்துக்கு பக்கவாட்டுல நின்னு இடது உள்ளங்கைய தோள் உசரத்துக்கு கொஞ்சம் கீழ வச்சு அழுத்திப் பாருங்க, வலது கையால அந்தத் தோள் மேல தொட்டுப் பாருங்க, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல இருக்குற சதை மெத்துன்னு இருந்தா சரியா இருக்கு, கல்லு மாதிரி இருந்தா தோள் ஏறிக்கிடக்குன்னு அர்த்தம். அப்டியே முழங்கையையும் பாத்துக்குங்க, முழங்கையோட உள்பக்க மடிப்பு மேல பாத்தபடி இருந்தா அத சுத்தி செங்குத்தா நிக்கிற மாதிரி திருப்பணும், உள்ளங்கை அசையாம முழங்கை மட்டும் திரும்பணும். மொதல்ல வராது, கை மொத்தமும் சேந்து திரும்பும், டிவி பாக்குறப்போ செவுத்துல கைய வச்சு பழகிட்டே இருந்தா வந்துடும். இது வரலைன்னா ஸ்ட்ரிங் முன்னங்கைல சப்புனு அடிக்கும், ஆர்ம் கார்டு போட்டாலும் அதுக்கு மேல அடிக்கும், அந்த ஊதா கலர் வீக்கத்த பாத்தா வீட்ல "யார் கூடடா சண்ட போட்ட"ன்னு கேப்பாங்க.

எங்க கிரவுண்டுக்கு வர்ற ஒரு ஸ்கூல் பொண்ணு, எட்டாவதோ ஒம்போதாவதோ படிக்குது. அது விடுற அம்பெல்லாம் மேலயும் கீழயுமா போய்க்கிட்டே இருக்கும், இடது வலது சுத்தமா இருக்கும், மேல கீழ மட்டும் தாறுமாறு. அதுவும் சைட்ட ஏத்தும், எறக்கும், ஏத்தும், எறக்கும். மாஸ்டர் ஒரு நாள் ஒண்ணும் பேசாம அது பின்னாடி போய் நின்னு, அது வில்ல தூக்குனதும் ரெண்டு விரல அது இடது தோள் மேல சும்மா வச்சாரு. அழுத்தல, வச்சாரு அவ்ளோதான். "விரல மேல தள்ளாம இழு பாப்பா"ன்னாரு. அது இழுக்க ஆரம்பிச்சதும் விரல் ஏறுச்சு, "எறக்கு, திரும்ப"ன்னாரு. திரும்ப ஏறுச்சு, திரும்ப எறக்குச்சு. அம்பே விடாம இப்டியே ஒரு பத்து பதினஞ்சு தடவ போச்சு, பக்கத்து லேன்ல நின்னவங்களுக்கே கை வலிச்சிருக்கும். கடைசில ஒரு தடவ விரல் அசையவே இல்ல. "இப்ப விடு"ன்னாரு. அந்த ரவுண்டுல விட்ட அம்பெல்லாம் கைக்கு அடக்கமா ஒரே எடத்துல, ஆனா எல்லாமே டார்கெட்டோட கீழ் பாதில குத்துச்சு. அது மூஞ்ச தொங்கப் போட்டுடுச்சு. மாஸ்டருக்கு மட்டும் ஒரே சந்தோஷம், "இப்பதான் பாப்பா சைட்ட எறக்கணும், இவ்ளோ நாளா நீ பண்ணது வீண்"ன்னாரு. அம்பெல்லாம் ஒரே எடத்துல குரூப்பா சேந்தா போதும், அத நடுவுக்கு கொண்டு வர்றது ஸ்க்ரூ திருகுற வேலைதான்.

சரி, இழுக்குற பக்கம் வருவோம். விரல்ல ஸ்ட்ரிங்க மாட்டுறதுலயே பாதி பேர் கஞ்சத்தனம் பண்ணுவாங்க, நுனி விரல்ல தொங்க விட்டா ரிலீஸ் சுத்தமா வரும்னு ஒரு நம்பிக்க. வராது. நுனில மாட்டுனா ஸ்ட்ரிங் வழுக்கிடாம இருக்க விரல் மடங்கி இறுகும், விரல் இறுகுனா மணிக்கட்டு இறுகும், மணிக்கட்டு இறுகுனா முன்னங்கை இறுகும், அப்புறம் முதுகால இழுக்குறது எங்க. மொத ரேகைக்கு கொஞ்சம் உள்ளயே ஸ்ட்ரிங் ஆழமா உக்காரணும், அம்புக்கு மேல ஆள்காட்டி விரல், கீழ ரெண்டு விரல், அதிக லோடு நடு விரல்ல. பொறங்கை தட்டையா இருக்கணும், முட்டி புடைச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. விரல் ஒரு கொக்கி, முன்னங்கை ஒரு கயிறு, அவ்ளோதான் அதுங்க வேல. இழுக்கறது முழங்கை. கையால இழுக்கணும்னு நெனைச்சா பைசெப்ஸ் வந்து குதிச்சுடும். அதனால கைய மறந்துட்டு, முழங்கைய பின்னாடி நிக்கிற ஒருத்தர் மேல இடிக்கப்போற மாதிரி சுத்திக் கொண்டு போகணும்னு நெனைங்க. நேரா பின்னாடி இல்ல, லேசா சுத்தி, முதுகுப் பக்கமா. அப்போ வலது பக்க தோள்பட்டை எலும்பு நடு முதுகெலும்ப பாத்து நகரும். அந்த நகர்றத உணர ஆரம்பிச்ச நாள்தான் நீங்க நிஜமாவே ஆர்ச்சரி ஆரம்பிச்ச நாள்.

கை இல்லாமலே இத பண்ணலாம்னு சொன்னா நம்புவீங்களா? ஜம்மு காஷ்மீர் கிஷ்த்வார் பக்கத்து பொண்ணு ஷீத்தல் தேவி, பொறக்கும்போதே ரெண்டு கையும் இல்ல. உக்காந்துக்கிட்டு வலது கால்ல வில்ல புடிக்குது, வலது தோள்ல மாட்டுன ரிலீஸ் கருவியால ஸ்ட்ரிங்க இழுக்குது, தாடையால விடுது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸ்ல ராகேஷ் குமாரோட சேந்து காம்பவுண்ட் மிக்ஸட் டீம்ல வெண்கலம் வாங்குச்சு. அப்போ வயசு 17. அது விடுறது காம்பவுண்ட், நெறைய வித்தியாசம் இருக்கு, ஒத்துக்குறேன். ஆனா அதோட வீடியோவ ஸ்லோ மோஷன்ல போட்டு பாருங்க, கால் முன்னாடி தள்ளுது, தோளும் முதுகும் பின்னாடி போகுது, நடுவுல இழுக்குறதுக்கு கைன்னு ஒண்ணு கெடையாது. புதுசா வர்ற பசங்க கிட்ட "முதுகால இழு"ன்னு நாள் முழுக்க கத்துறதுக்கு பதிலா அந்த வீடியோவ ஒரு தடவ காட்டிடலாம், எனக்குத் தெரிஞ்சு அதுக்கு மேல ஒரு பாடம் இல்ல.

இழுத்து எங்க கொண்டு வந்து நிறுத்துறதுன்னா ஆங்கர். ரிகர்வ்ல ஆள்காட்டி விரல் தாடை எலும்புக்கு அடில போய் கெட்டியா ஒட்டணும், ஸ்ட்ரிங் தாடைலயும் மூக்கு நுனிலயும் தொடணும். மேல போட்ட 1 மி.மீ. கணக்கு இங்கதான் வேல செய்யுது, அதனால சும்மா "தொட்டுச்சு" பத்தாது, எலும்புக்கு எலும்பு படணும். எல்லாருக்கும் வர்ற ஒரு பழக்கம், ஸ்ட்ரிங் மூஞ்சிகிட்ட வர வர தலைய முன்னாடி நீட்டி ஸ்ட்ரிங்க போய் முத்தம் குடுக்குறது. தலை அசையவே கூடாது, வில்ல தூக்குறதுக்கு முன்னாடியே தலைய டார்கெட் பக்கம் முழுசா திருப்பி வச்சுட்டு அதோட மறந்துடணும், ஸ்ட்ரிங்தான் நம்மள தேடி வரணும். இன்னொண்ணு நம்மூர் பிரச்சனை, வேர்வை. சென்னைல மே மாசம் காலைல ஏழு மணிக்கே தாடைல தண்ணியா ஊத்தும், விரல் வழுக்கி ஒரு தடவ தாடைக்கு கீழ, ஒரு தடவ பக்கவாட்டுல போய் நிக்கும், ஃபிங்கர் டேப் (ஸ்ட்ரிங் அறுக்காம விரல்ல மாட்டுற தோல் பட்டை) ஊறிப்போய் கொழகொழன்னு ஆயிடும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னாடி துண்டால தாடைய தொடச்சுட்டு நில்லுங்க, ரெண்டு டேப் வச்சுக்கிட்டு மாத்தி மாத்தி போடுங்க. கேக்க சப்பையா இருக்கும், ஆனா எந்த வெளிநாட்டு வீடியோலயும் இத சொல்ல மாட்டாங்க.

ஆங்கருக்கு வந்தாச்சுன்னு விட்டுடுறதுதான் அடுத்த தப்பு. கொரியாவுலேருந்து ஆஸ்திரேலியா போய் 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ்ல சைமன் ஃபேர்வெதருக்கு கோச்சா இருந்து தங்கம் வாங்க வச்ச கிசிக் லீ, அப்புறம் அமெரிக்காவுக்கு போனாரு, அவரு ஒரு ஷாட்ட துண்டு துண்டா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் வச்சாரு. அதுல ஆங்கருக்கு அப்புறம் வர்றது ட்ரான்ஸ்ஃபர். கைல மிச்சம் இருக்குற கொஞ்சநஞ்ச இறுக்கத்தையும் முதுகுக்கு கைமாத்துறது. வெளிலேருந்து பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், முழங்கை ஒரு துளி பின்னாடி சுத்தும், அவ்ளோதான். ஆனா உள்ள, ரெண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவுல இருக்குற ராம்பாய்டு சதையும் ட்ரபீசியஸ் சதையோட நடு, கீழ் பகுதியும் லோட வாங்கிக்கும், பைசெப்ஸும் முன்னங்கையும் தளந்துடும். இது நடந்துச்சான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு, இழுத்து புடிச்சுருக்குறப்போ ஃப்ரெண்ட விட்டு உங்க பைசெப்ஸ லேசா தட்டச் சொல்லுங்க, கெட்டியா உருண்டு இருந்தா இன்னும் கைலதான் புடிச்சுட்டு இருக்கீங்க. மேலேருந்து எடுத்த போட்டோவுல பாத்தா வலது முன்னங்கையும் அம்பும் ஒரே கோட்டுல இருக்கணும், முழங்கை கோட்டுக்கு வெளிய, அதாவது மார்பு பாக்குற பக்கம், நீட்டிக்கிட்டு நின்னா இன்னும் போகலன்னு அர்த்தம். பக்கத்துலேருந்து பாத்தா முழங்கை அம்பு மட்டத்துக்கு கொஞ்சம் மேலயே இருக்கலாம், கீழ எறங்குனாதான் வம்பு.

இங்க ஒரு எச்சரிக்கை. இந்தக் கோடு, அதாவது லைன், சரியாக ஆக ட்ரா லெங்த், அதாவது இழுக்குற நீளம், கூடும், புதுசா வந்தவங்களுக்கு ஒரு இன்ச் வரைக்கும் கூடுறது சகஜம். மொத நாள் அளந்து கரெக்டா வெட்டுன அம்பு கொஞ்ச மாசத்துல குட்டையாப் போய் அம்பு உக்கார்ற ரெஸ்ட்டுக்கு பின்னாடி வந்து விழுந்துச்சுன்னா அந்த நெலமைல விட்டா கைல குத்தும். அதனால ஆரம்பத்துல அம்பு நீளமாவே இருக்கட்டும். இன்னொரு விஷயம், லிம்ப்ல (வில்லோட வளையுற மேல், கீழ் பாகம்) எழுதியிருக்குற பவுண்ட், அதாவது இழுவை எடை, 28 இன்ச்சுக்கு உள்ளது, ஒரு இன்ச் கூடுனா தோராயமா 2 பவுண்ட் கூடும். லைன் சரியானதும் வில்லு திடீர்னு கனமாயிடுச்சேன்னு தோணுறது உங்க மனப்பிரமை இல்ல, நிஜமாவே கனமாயிடுச்சு.

கனம்னு வந்ததும் வயித்தெரிச்சல கொட்டிக்கிறேன். காலேஜ் பசங்க ஆன்லைன்ல 38, 40 பவுண்ட் லிம்ப் வாங்கிட்டு வந்து நிப்பாங்க. கேட்டா "ஒலிம்பிக் ஆளுங்க 45, 50 விடுறாங்கண்ணா"ம்பாங்க. விடுறாங்கடா தம்பி, அவங்க ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல அம்பு விட்டு விட்டு அங்க வந்து சேந்துருக்காங்க. போட்டில மொதல்ல வர்ற ரேங்கிங் ரவுண்டுக்கு 72 அம்பு. 40 பவுண்ட்னா 18 கிலோ சொச்சம், 72 தடவ இழுத்தா மொத்தம் சுமார் 1,300 கிலோ, ஒரு கார் வெயிட்டு, அதுவும் இந்த விரல் மூணால. வார்ம் அப் அம்பு இதுல சேராது. ஜிம்முக்கு போய் உருண்டு திரண்ட பசங்கதான் இதுல ரொம்ப ஏமாறுவாங்க, ஏன்னா அவங்களால 40ஐ இழுத்துட முடியும், கையால. இழுக்க முடியுறதும் அசையாம புடிச்சு நிறுத்த முடியுறதும் வேற வேற. பெரியவங்க புதுசா ஆரம்பிக்க 18லேருந்து 24 பவுண்ட் தாராளம், கௌரவம் பாக்காதீங்க.

அதிக பவுண்ட்ட எடுத்தவங்கள தூரத்துலேருந்தே கண்டுபுடிச்சுடலாம். இடுப்பு டார்கெட் பக்கம் தள்ளிக்கிட்டு மேல் உடம்பு பின்னாடி சாஞ்சுருக்கும், நெஞ்சு விரிஞ்சு விலா எலும்பு தூக்கிக்கிட்டு இருக்கும், கீழ் முதுகு வளைஞ்சுருக்கும். அந்த உடம்பு பாவம் என்ன பண்ணும், தோளால முடியாதத இடுப்பால தாங்கப் பாக்குது. வெயிட்ட குறைச்சுட்டு நில்லுங்க, ரெண்டு காலும் தோள் அகலம், குதிங்கால்ல சாயாம பாதத்தோட முன் பகுதில கொஞ்சம் அதிக வெயிட்டு, வால் எலும்ப உள்ள சுருட்டி கீழ் முதுக தட்டையாக்குங்க, மூச்ச லேசா விட்டு விலா எலும்ப கீழ எறக்குங்க. மேல பாத்தா இடுப்புக்கு மேல தோள், தோளுக்கு மேல தல, எல்லாம் ஒரே தூண். அதுலேருந்து வில்ல தூக்குறப்போ இடுப்புக்கு கீழ எதுவுமே நடந்த மாதிரி தெரியக் கூடாது. வில்ல வானத்த பாத்து தூக்கி மேலேருந்து இழுத்துக்கிட்டே எறக்குறதும் இதே ஜாதி, வெயிட்டு தாங்கலன்னா தானா வர்ற பழக்கம், ஆனா அந்த நெலமைல கை வழுக்குனா அம்பு டார்கெட்ட தாண்டி பக்கத்து தெருவுக்கு போகும். எந்த ரேஞ்ச்லயும் இத அனுமதிக்க மாட்டாங்க, போட்டில நடுவர் கண்டிப்பா நிறுத்துவாரு.

வில்லு புடிக்கிற உள்ளங்கை பத்தி சுருக்கமா. புடிக்கவே கூடாது. கட்டைவிரல் மேட்டுல, ஆயுள் ரேகைக்கு கட்டைவிரல் பக்கம், அழுத்தம் உக்காரணும், ரேகைக்கு அந்தப் பக்கம் வில்லு படக்கூடாது, விரல் முட்டி எல்லாம் 45 டிகிரில சாஞ்சு நிக்கும், விரலெல்லாம் சும்மா தொங்கும். வில்லு கீழ விழாம இருக்க ஸ்லிங்னு கைல மாட்டுற கயிறு இருக்கு, அத நம்புங்க. பயத்துல கப்புனு புடிச்சா விடுற நேரத்துல வில்ல முறுக்கிடுவீங்க, அம்பு இடது வலதா அலையும்.

கடைசி கட்டம் எக்ஸ்பான்ஷன். அம்பு நுனி கிளிக்கருக்கு (முழுசா இழுத்ததும் சத்தம் போடுற மெல்லிசு தகடு) அடில 1, 2 மி.மீ. மிச்சம் இருக்குறப்போ மெதுவா மார்பு ரெண்டு பக்கமும் விரியணும், வில்லு தோள் டார்கெட் பக்கம், இழுக்குற முழங்கை பின்னாடி சுத்தி. கிளிக்கர் "டிக்"ன்னதும் விரல் தளரும். இங்க சைட் மஞ்சள் மேல அசையாம நிக்கணும்னு ஆசப்பட்டீங்கன்னா மாட்டிக்கிட்டீங்க. அது யாருக்கும் நிக்காது, உலக சாம்பியனுக்கும் மெதந்துக்கிட்டேதான் இருக்கும், மெதக்குற அளவுதான் சின்னது. நடுவுல வர்றப்போ டக்குனு விட்டுடலாம்னு காத்திருந்தா கொஞ்ச நாள்ல விரல் உங்க பேச்ச கேக்காது, மஞ்சள் வந்தாலே படக்குனு விட்டுடும், இல்லன்னா கை மஞ்சளுக்கே வராம கீழயே உறைஞ்சு நிக்கும். டார்கெட் பேனிக்னு இதுக்கு பேரு, அனுபவசாலிங்களையே ஆட்டிப் படைச்ச வியாதி. ஆங்கருக்கு வந்து மூணு நாலு நொடிக்குள்ள கிளிக்கர் விழலைன்னா எறக்கிடுங்க, தயவுசெஞ்சு எறக்கிடுங்க. தனிநபர் மேட்ச்ல ஒரு அம்புக்கு 20 நொடி இருக்கு, ஒரு தடவ எறக்கிட்டு திரும்ப இழுக்க தாராளமா நேரம் இருக்கு. வலுக்கட்டாயமா விடுற அம்பு எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் நல்லதா போனதில்ல.

ரிலீஸ்னு தனியா ஒரு வேல கெடையாது, அதனால அத தனியா ப்ராக்டீஸ் பண்ணாதீங்க. முதுகு இழுத்துக்கிட்டே இருந்து விரல் மட்டும் தளந்தா கை தானா கழுத்த ஒட்டி காது பின்னாடி போகும். கை இருந்த எடத்துலயே செத்துப்போய் நின்னா முதுகு நடுவுல நின்னுடுச்சுன்னு அர்த்தம், மூஞ்சிய விட்டு வெளிய தெறிச்சா கையால இழுத்துருக்கீங்கன்னு அர்த்தம். ரிலீஸ பாத்தா அதுக்கு முந்தி நடந்தது எல்லாம் தெரியும். அப்புறம் அப்டியே நில்லுங்க. அம்பு ஸ்ட்ரிங்க விட்டுப் போறது கண் இமைக்கிற நேரத்துக்கும் கம்மி, அதனால அப்புறம் நீங்க பண்றது அம்ப ஒண்ணும் பண்ணாதுன்னு சில பேர் வாதம் பண்ணுவாங்க. கணக்கு சரிதான், ஆனா விட்டதும் எங்க போச்சுன்னு எட்டிப் பாக்குற ஆளு நாள்பட நாள்பட விடுறதுக்கு முன்னாடியே எட்டிப் பாக்க ஆரம்பிச்சுடுவாரு. 70 மீட்டருக்கு அம்பு போய்ச் சேர ஒரு நொடிக்கு கொஞ்சம் மேல ஆகும், அந்த "தொப்"ங்கற சத்தம் கேக்குற வரைக்கும் வில்லு கை எறங்கக் கூடாது, அவ்ளோதான் கணக்கு.

ப்ராக்டீஸுக்கு வருவோம். டார்கெட் ஃபேஸ கழட்டிட்டு வெறும் பட்ரஸ்ஸ (அம்பு குத்துற பின் பலகை) பாத்து மூணு நாலு மீட்டர் தூரத்துல நின்னு விடுங்க, பாயிண்ட் கெடையாது, குறி கெடையாது. கிட்டத்துல நிக்கிறதால கோச்சோ ஃப்ரெண்டோ பக்கத்துல பாத்துக்கிட்டு இருக்குறப்போ இழுத்ததுக்கப்புறம் கண்ண மூடியும் விடலாம், அப்போதான் முதுகு என்ன பேசுதுன்னு கேக்கும். போரடிக்கும், ஆமா. கொரியாவுல சின்னப் பசங்கள ரொம்ப நாளைக்கு டார்கெட் பக்கமே விடாம இப்டித்தான் ஃபார்ம் பழக்குவாங்கன்னு சொல்லுவாங்க, 1988லேருந்து 2024 வரைக்கும் ஒரு ஒலிம்பிக்ஸ் விடாம பெண்கள் டீம் தங்கத்த அவங்கதான் தூக்கிட்டுப் போயிருக்காங்க, 10 தடவ. வீட்ல ஸ்ட்ரெச் பேண்ட் போதும், கண்ணாடி முன்னாடி நின்னு தோள் ஏறாம இழுங்க, புடிங்க, எறக்குங்க. ரேஞ்ச்ல இருந்தா வில்லாலயே இழுத்து 20, 30 நொடி புடிச்சுட்டு விடாம மெதுவா திரும்ப எறக்குற பயிற்சி இருக்கு, முதுகுக்கு அத விட நல்லது எதுவும் இல்ல. ஆனா அம்பு இல்லாத வில்ல இழுத்து ஸ்ட்ரிங்க விட்டுடாதீங்க, அந்த சக்தி எல்லாம் லிம்ப்லயே இறங்கி லிம்ப் பொளந்துடும், தெறிச்சா கண்ணுல படும். கை வழுக்கும்னு சந்தேகமா இருந்தா அம்ப மாட்டிக்கிட்டு பட்ரஸ்ஸ பாத்தே பண்ணுங்க. அப்புறம் மொட்டைமாடில டார்கெட் வச்சு விடுற மகராசன்களே, கைப்பிடிச்சுவரு ஒரு அம்பக்கூட நிறுத்தாது, வேணாம்.

போன் வீடியோ எடுங்க, எல்லாரும் எடுக்குறாங்க, ஆனா டார்கெட்டத்தான் எடுக்குறாங்க. உங்க முதுகுக்கு நேர் பின்னாடி ஸ்டாண்ட் போட்டு ஒண்ணு, இழுக்குற முழங்கைக்கு பின்னாலேருந்து டார்கெட்ட பாத்த மாதிரி ஒண்ணு எடுங்க. மொதல்ல எடுத்த வீடியோல தோள்பட்டை எலும்பு டி ஷர்ட்டுக்கு அடில நகருதான்னு பாக்கலாம், அதுக்கு டைட்டான டி ஷர்ட் போடுங்க, தொளதொளன்னு போட்டா ஒண்ணும் தெரியாது, அதோட ஸ்ட்ரிங்கும் துணில மாட்டும்.

வலிய பத்தி ஒரு வார்த்த. ரெண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவுல வலிச்சா சந்தோஷப்படுங்க, சரியான எடம் வேல செஞ்சிருக்கு, ரெண்டு நாள்ல போயிடும். தோளோட முன் பக்கத்துல குத்துற மாதிரி வலிச்சாலோ, கைய பக்கவாட்டுல தூக்குறப்போ ஒரு எடத்துல சுருக்குனு புடிச்சாலோ அன்னிக்கே நிறுத்துங்க, தைலம் தேச்சுட்டு மறுநாள் வந்து நிக்காதீங்க. ஏறுன தோளோட வருஷக்கணக்கா இழுத்தவங்களுக்கு தோள் மூட்டுக்குள்ள ரொட்டேட்டர் கஃப் தசைநார் எலும்புக்கு நடுவுல நசுங்கி நசுங்கி வீங்கிடும், அதுக்கு பிசியோ கிட்ட மாசக்கணக்குல போகணும்.

கிரவுண்டுல எல்லாரும் கேக்குற கேள்வி, "எப்ப பவுண்ட் ஏத்தலாம்?" எத்தன மாசம் ஆச்சுங்கறது ஒரு கணக்கே இல்ல. இப்ப இருக்குற வில்ல முழுசா இழுத்து 30 நொடி தோள் ஏறாம, உடம்பு சாயாம, நடுக்கம் இல்லாம புடிக்க முடியுதா, ஒரு நிமிஷம் ஓய்வு விட்டு அதையே திரும்ப பண்ண முடியுதா, அதுவும் நாலஞ்சு தடவ? முடிஞ்சா 2 பவுண்ட் ஏத்துங்க, 2தான், 6 இல்ல. ஏத்துன அன்னிக்கு 70 மீட்டர் பக்கம் போகாதீங்க, வெறும் பட்ரஸ் முன்னாடி நின்னு தோள திரும்ப எறக்கப் பழகுங்க. கிளிக்கர் எடம் மாறும், அம்போட ஸ்பைனும், அதாவது வளையுற தன்மையும், ஒத்து வருதான்னு பாக்கணும். புது லிம்ப் வாங்க காசு கம்மியா இருந்தா கிளப்புல பழசு கெடக்கும், கேட்டுப் பாருங்க, 20, 22, 24ன்னு ஏறிப்போனவங்க விட்டுட்டுப் போன லிம்ப் எல்லா கிளப் அலமாரிலயும் இருக்கும்.